கிக்கபாவ் முதல் குக்குவாயா வரை

கி.மு. 414ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் அரிஸ்டோஃபனீஸின் ‘பறவைகள்’ நாடகம் மேடையேறியது. பறவைகளைக் கூட்டி அழைக்கும் இடத்தில், விதவிதமான கூவல்களுக்கு நடுவே ‘கிக்கபாவ்’ என்று ஓர் ஒலி வரும். அது ஆந்தையின் குரல். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘லைசிஸ்ட்ராட்டா’வில், அக்ரோபொலிஸ் குன்றின் மேல் தங்கியிருக்கும் ஒரு பெண், ஆந்தைகள் விடாமல் கத்துவதால் கண்ணை மூட முடியவில்லை என்று புலம்புகிறாள். அங்கே அவள் சொல்லும் வினைச்சொல்லும் அதே ஒலியிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் அன்றைய ஏதென்ஸில் அந்தச் சின்ன ஆந்தைக்கு மதிப்புமிக்க பெயர் வேறு: கிளௌக்ஸ். அது அதீனா தேவியின் பறவை. நகரத்து நான்கு திராக்மா வெள்ளிக் காசின் ஒரு பக்கம் தேவியின் முகம், மறுபக்கம் அவளுடைய ஆந்தை. காசையே மக்கள் ‘கிளௌக்ஸ்’ என்று அழைத்தார்கள். நாம் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்போம். கிரேக்கர்கள் ‘ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது’ என்றார்கள். இன்றைய கிரேக்க ஒரு யூரோ நாணயத்திலும் அந்தப் பழைய காசின் ஆந்தைதான் உட்கார்ந்திருக்கிறது.

அந்த நாணயத்தை இன்று ஒரு கிரேக்கக் குழந்தையிடம் காட்டி இது என்ன பறவை என்று கேட்டால், ‘குக்குவாயா’ என்றுதான் சொல்லும். கிளௌக்ஸ் என்ற சொல் பேச்சிலிருந்து போய்விட்டது. பழமொழியிலும் படித்தவர் எழுத்திலும் மட்டும் இருக்கிறது. தேவியும் காசும் காப்பாற்ற முடியாத பெயர் அது. நாடகத்தில் வந்த வெறும் கத்தலோ ஏறக்குறைய 2,400 ஆண்டுகளைத் தாண்டி வந்திருக்கிறது. பழைய கிரேக்கத்தின் ‘ப’ ஒலி (‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘ப’) பிற்காலத்தில் ‘வ’ ஆக மாறியது. கிக்கபாவின் நடுவில் இருந்த ‘பா’, குக்குவாயாவில் ‘வா’ ஆனது அப்படித்தான். சொற்களின் வரலாற்றில் என்னை இதைவிட வியக்கவைத்த செய்தி அதிகம் இல்லை.

இந்தப் பெயர் கிரேக்கத்தோடு நிற்கவில்லை. ருமேனிய மொழியில் அதே பறவை ‘குக்குவியா’. பல்கேரியாவில் ‘குக்குமியாவ்கா’. செர்பியாவில் ‘குக்குமாவ்கா’. அல்பேனியாவில் ‘குக்குவாய்க்கா’. துருக்கியில் ‘குக்குமாவ்’, தனியே முடங்கிக் கிடப்பவரை அங்கே ‘குக்குமாவ் பறவை மாதிரி உட்கார்ந்திருக்கிறான்’ என்பார்கள். கடலைத் தாண்டித் தெற்கு இத்தாலிக்குப் போனால், நேப்பிள்ஸ் பேச்சுவழக்கில் ‘குக்குவாயா’, சலெண்டோ பகுதியில் ‘குக்குவாஷா’. ருமேனிய மொழி லத்தீனின் மகள். செர்பியமும் பல்கேரியமும் ஸ்லாவியக் குடும்பம். துருக்கியம் முற்றிலும் வேறு குலம். அல்பேனியம் தனிக் கிளை. இத்தனை குலங்களும் ஒரே பெயரைச் சொல்கின்றன.

எல்லோரும் ஒரே பறவையைக் கேட்டு ஒரே மாதிரி பெயர் வைத்தார்களா, ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார்களா? ஆந்தைப் பெயர்களை ஆராய்பவருக்கு முன்னால் நிற்கும் முதல் பொறி இதுதான். பறவையின் குரலைப் பின்பற்றிய பெயர்களில் ஒற்றுமை தெரிந்தால் அது உறவுக்குச் சான்றாகாது. ஆந்தையை அரபியில் ‘பூம்’ என்கிறார்கள், பாரசீகத்தில் ‘பூஃப்’, ஆர்மீனியத்தில் ‘பூ’. சாதிக் ஹிதாயத்தின் ‘குருட்டு ஆந்தை’ நாவலின் மூலத் தலைப்பில் இருப்பதும் இந்தப் ‘பூஃப்’தான். லத்தீனில் ‘பூபோ’. இவற்றை ஒரு குடும்பமாகக் கட்டிவிட முடியாது. ஆளாளுக்குத் தனித்தனியாகக் காது இருந்தது. வடமொழியிலிருந்து தமிழுக்கும் வந்த ‘உலூகம்’, லத்தீனின் ‘உலுலா’ இரண்டும் உறவுள்ள மொழிகளின் சொற்கள்தான். ஆனாலும் இரண்டும் ஊளைச் சத்தத்தை ஒட்டியவை என்பதால், ஒரே மூலத்தின் கிளைகள் என்று அடித்துச் சொல்ல ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள்.

வழி ஒன்று இருக்கிறது. பறவை கொடுத்த பகுதி எது, மனிதர் சேர்த்த பகுதி எது என்று சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காட்டில் ‘ஹூ… ஹுஹு’ என்று நீட்டிக் கூவும் பழுப்பாந்தையை கிரேக்கர்கள் ‘ஹுஹுரிஸ்டிஸ்’ என்கிறார்கள், ருமேனியர்கள் ‘ஹுஹுரேஸ்’ என்கிறார்கள். கேட்டால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ‘ஹுஹு’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேறு வேறு. கிரேக்கச் சொல்லின் வால் ‘செய்பவன்’ என்று பொருள்தரும் கிரேக்க விகுதி, ருமேனியச் சொல்லின் வால் ருமேனியத்துக்கே உரியது. இது பறவை தந்த ஒற்றுமை. குக்குவாயாவின் கதை அப்படியல்ல. மூன்று நான்கு அசைகள் நீண்டு, நடுவில் ‘வா’வோ ‘மா’வோ வந்து முடியும் இந்த விசித்திர உருவத்தைப் பல குலத்து மொழிகள் தாமாகவே ஒருங்கே கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. மேலும், அது கிடைக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தால் பைசாந்தியப் பேரரசின் கைபட்ட நிலங்களாகவே இருக்கின்றன. தெற்கு இத்தாலியும் அதில் சேர்த்தி. அங்கே சில ஊர்களில் இன்றும் கிரேக்கம் பேசுகிறார்கள். ஆகவே இது வாங்கிய சொல். வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. பல்கேரியச் சொல்லுக்குள் பூனையின் ‘மியாவ்’ நுழைந்திருப்பது போலத் தோன்றும். இந்தச் சிற்றாந்தையின் குரலைக் கேட்டவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. அது உண்மையிலேயே பூனை போலக் கத்தும். நம் ஊர் மரப்பொந்துகளில் வாழும் புள்ளி ஆந்தைக்கு அது ஒரே பேரினத்து உறவு.

இனி குரலுக்கு வருவோம். ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆந்தை, கொம்பு போன்ற இறகுக் குஞ்சம் கொண்ட கொம்பன் ஆந்தை. இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டருக்கு மேல். பெண் பறவை மூன்று கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அலகை மூடிக்கொண்டு, தொண்டையை ஊதி அது கூவும்போது கிளம்பும் ஒலி ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் அளவில், மேல்சுரங்கள் அதிகம் கலக்காத தூய ஒலி. அமைதியான இரவில் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். மனித வாய் உண்டாக்கும் உயிரொலிகளில் ‘ஊ’வுக்குத்தான் முதல் இரண்டு ஒத்திசைவுகளும் தாழ்வாக இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பறவையின் பெயர் எங்கே போனாலும் ‘ஊ’வைச் சுற்றியே வருகிறது: லத்தீன் பூபோ, ஸ்பானியம் பூஓ, போர்த்துகீசியம் பூஃபோ, கிரேக்கம் பூஃபோஸ், ருமேனியம் பூஃப்னிட்ஸா, பல்கேரியம் பூஹல், துருக்கியம் புஹு.

மறுகோடியில், நூறு கிராம் சொச்சம் எடையுள்ள கொம்புச் சிற்றாந்தை. மத்தியதரைக் கடலோரக் கோடை இரவுகளில் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை ஒற்றைச் சீழ்க்கையாக விட்டு விட்டு ஒலிக்கும். சுருதி 1,300 ஹெர்ட்ஸை ஒட்டி. இங்கே மனிதக் காது ‘ஊ’வை மட்டும் கேட்பதில்லை, அதற்கு முன்னால் ஒரு கூர்மையான ‘இ’யோ ‘ச’வோ வந்து நிற்கிறது. டஸ்கனியில் அதன் பெயர் ‘கியூ’. ஜொவானி பாஸ்கோலி 1897இல் இந்த ஆந்தையைப் பற்றி எழுதிய கவிதையின் ஒவ்வொரு பத்தியும் அந்தக் கூவலில்தான் முடிகிறது. ருமேனியாவில் ‘சியூஷ்’, குரோவேஷியாவில் ‘ச்யூக்’. அல்பேனியாவில் ‘க்யோன்’, அங்கிருந்து கிரேக்கத்தில் ‘கியோனிஸ்’. க்யோன் என்பது அல்பேனியாவில் ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயரும்கூட, நம் யோவானின் வடிவம். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவர் பறவையாகி, இரவெல்லாம் அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறார் என்று இரு நாட்டு மக்களும் கதை சொல்வார்கள். இடைவெளி விட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல ஒலிக்கும் அந்தக் குரலைப் பதிவில் கேட்டாலே போதும், கதை ஏன் பிறந்தது என்று புரிந்துவிடும்.

ஒலியைப் பின்பற்றிப் பிறந்த சொல் என்றென்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது. மொழியின் ஒலிகள் தலைமுறைதோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில் பின்பற்றல் தேய்ந்துபோகும். ஜெனீவாப் பேராசிரியர் ஃபெர்டினான் த சொஸ்யூரின் விரிவுரைகளை அவர் மறைவுக்குப் பிறகு 1916இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். அதில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குஞ்சுகளின் ‘பிப்’ சத்தத்திலிருந்து பிறந்த லத்தீன் ‘பீப்பியோ’, பிரெஞ்சில் ‘பிழோன்’ ஆகி, புறாவைக் குறிக்கும் வெறும் சொல்லாக நிற்கிறது. அதில் இப்போது எந்தப் பறவையும் கூவுவதில்லை. சொஸ்யூர் சொன்னது சரிதான். ஆனால் ஆந்தைகளைப் பார்க்கும்போது, அந்த வாதத்தின் மறுபாதியையும் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது. தேய்ந்துபோன பெயரை மக்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை. பறவை இன்னமும் ஊர் எல்லையில் கூவிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கேட்டுப் பெயரைப் பழுதுபார்க்கிறது.

பூபோவையே எடுத்துக்கொள்வோம். ரோம் நகரத்துச் சொல்லில் நடுவில் ‘ப’ இருந்தது. ஸ்பானியமும் போர்த்துகீசியமும் இதிலிருந்து நேரே வந்திருக்க முடியாது. அவற்றுக்கு ‘பூஃபோ’ என்ற வடிவம்தான் பொருந்துகிறது. இத்தாலிய மலைநாட்டு மொழிகளான ஆஸ்கன், அம்ப்ரியன் இரண்டிலும் லத்தீனின் ‘ப’ இருக்கும் இடத்தில் ‘ஃப’ வருவதுண்டு. சிவப்பைக் குறிக்க லத்தீனில் ‘ரூபெர்’, ‘ரூஃபுஸ்’ என்று இரண்டு சொற்கள் கிடைப்பதற்கும் அதுவே காரணம். ஆக, ஐரோப்பாவுக்குப் பரவியது தலைநகரத்து ஆந்தை அல்ல, மலைக்கிராமத்து ஆந்தை. ஸ்பானியத்தில் பல சொற்களின் ‘ஃப’ முதலில் ‘ஹ’ ஆகிப் பிறகு மௌனமானது போலவே, பூஃபோவும் பூஹோவாகி, இன்று எழுத்தில் மட்டும் ‘ஹ’வை வைத்துக்கொண்டு ‘பூஓ’ என்று ஒலிக்கிறது. மெய்யெழுத்து போனாலும் உயிரெழுத்துகள் கூவலைத் தாங்கி நிற்கின்றன. மாட்ரிட் நகரில் இரவு முழுக்க ஓடும் பேருந்துகளுக்கும் இதுதான் செல்லப்பெயர்.

காது பழுதுபார்க்க முடியாத இடத்தில் அறிவு புகுந்துவிடும். பிரான்ஸில் ரோமானியருக்கு முன் பேசப்பட்ட கோலியர் மொழியில் ஆந்தையைக் குறிக்கும் சொல் ஒன்று இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் லியோன் ஆயர் யூக்கேரியஸ் அதை ‘கவான்னுஸ்’ என்று லத்தீன் உருவில் எழுதியிருக்கிறார். பிரித்தானிப் பகுதியின் பிரெட்டன் மொழியில் ஆந்தையின் பெயர் ‘கவென்’, அதன் உறவு. பிரெஞ்சில் அது ‘ஷவான்’, ‘ஷுவான்’ என்று உருமாறியபோது, பொருள் யாருக்கும் புரியாமல் போயிற்று. புரியாத சொல்லை மக்கள் புரிகிற மாதிரி வெட்டினார்கள்: ‘ஷா-யுவான்’, அதாவது ‘கூவும் பூனை’. வட்ட முகமும் இரவுக் கண்ணும் கொண்ட பறவைக்கு அது பொருந்தியும் விட்டது. அந்தப் பழைய வடிவம் அழியவில்லை. வரலாற்றில் வேறு வழியாக நுழைந்தது. மயென் பகுதியில் வரி ஏய்த்து உப்புக் கடத்திய ழான் கொத்தரோவுக்கு ‘ஷுவான்’ என்று பட்டப்பெயர். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790களில் அரசர் பக்கம் நின்று மேற்கு பிரான்ஸில் போராடிய கூட்டம் அவர் பெயரால் ‘ஷுவான்கள்’ ஆயிற்று. ஆந்தைக் கூவல் அவர்களுடைய சமிக்ஞை. 1829இல் பால்சாக் அவர்களைப் பற்றி எழுதிய நாவலின் தலைப்பிலும் அந்தப் பெயர் இருக்கிறது.

இதுவரை சொன்ன ஆந்தைகள் கூவுகின்றன. கூவாத ஆந்தை ஒன்று உண்டு. இதயவடிவ வெள்ளை முகத்தோடு, சத்தமின்றிப் பறந்து, கோயில் கோபுரங்களிலும் தேவாலய மணிக்கூண்டுகளிலும் குடியிருக்கும் கூகை. அதன் குரல் நீண்ட கிறீச்சு. இந்த ஒரு பறவைக்கு ஐரோப்பா வைத்த பெயர்களில்தான் பயம் குடிகொண்டிருக்கிறது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த ‘ஸ்ட்ரிக்ஸ்’, கிறீச்சிடும் இரவுப் பறவை. ஓவிட் தன் ‘ஃபாஸ்டி’ நூலில் அதைத் தொட்டில் குழந்தையின் இரத்தம் குடிக்கும் பேய்ப்பறவையாகச் சித்திரிக்கிறார். அது குழந்தையின் வாயில் பால் கொடுக்கும் என்ற பேச்சைக் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறார் பிளினி. ஆனால் கதை ஒதுங்கவில்லை. ஸ்பானியத்தில் கூகையின் பெயர் முதலில் ‘நெச்சூஸா’; இரவைச் சேர்ந்த பழைய லத்தீன் ‘நாக்டுவா’வின் வழி. பாலுக்கு ஸ்பானியத்தில் ‘லெச்சே’. அந்தப் பழைய கதையின் நிழலில் முதலெழுத்து மாறி ‘லெச்சூஸா’ ஆயிற்று என்பது ஸ்பானியச் சொல்லாய்வாளர்களின் விளக்கம்.

ஸ்ட்ரிக்ஸ் பறவையாக மட்டும் இருந்துவிடவில்லை. ருமேனியாவில் ‘ஸ்ட்ரீகா’ என்றால் கூகை. ‘ஸ்ட்ரிகோய்’ என்றால் கல்லறையிலிருந்து எழுந்துவரும் பிணம். கத்துவதற்கான சாதாரண ருமேனிய வினைச்சொல்லும் இதிலிருந்து வந்ததாகவே கொள்கிறார்கள். இத்தாலியில் ‘ஸ்ட்ரேகா’, அல்பேனியாவில் ‘ஷ்ட்ரிகா’ இரண்டும் சூனியக்காரி. கிரேக்கத்தில் ‘ஸ்ட்ரிங்லா’, சண்டைக்காரி. இஸ்திரியா தீபகற்பத்தின் கிரிங்கா கிராமத்தில் 1656இல் இறந்த யூரே கிராண்டோ என்பவர் இரவில் எழுந்து நடமாடுவதாக ஊர் நடுங்கி, 1672இல் அவர் கல்லறையைத் தோண்டியது. அவரை ஊரார் அழைத்த சொல் ‘ஸ்ட்ரிகோன்’ என்று 1689இல் வரலாற்றாசிரியர் வல்வசோர் பதிவு செய்திருக்கிறார். வயல் எலிகளைப் பிடித்துத் தின்னும் ஒரு பறவையின் கிறீச்சு, தனித்து வாழ்ந்த பெண்கள் மீதும் இறந்தவர் மீதும் பழியாக ஏறியதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. நம்மிடையேயும் ‘சாக்குருவி’ என்ற பெயர் உண்டு. கிரேக்கத்தில் அதற்கு நேரான சொல், சாவின் தூதன் காரோஸின் பறவை என்று பொருள்படும் ‘காரோபூலி’.

பயப்படுகிறவர் சில சமயம் உறவு கொண்டாடியும் தப்பிக்கப் பார்ப்பார். இத்தாலியில் கூகையின் பெயர் ‘பார்பஜான்னி’. வட இத்தாலிய வழக்கில் ‘பார்பா’ என்றால் மாமா. ஆக, ‘ஜான்னி மாமா’. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று அஞ்சி, வீட்டு மனிதர் போல அழைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அல்பேனியச் சிற்றாந்தையும் யோவான், இத்தாலியக் கூகையும் யோவான். பிரெஞ்சில் கூகைக்கு ‘எஃப்ரே’. எலும்பு நொறுக்கும் பறவை என்ற பொருளில் கடற்கழுகுக்கு இருந்த ‘ஓர்ஃப்ரே’ என்ற பெயரோடு ‘அச்சுறுத்து’ என்ற வினை கலந்து பிறந்தது. அலறுகிறவரை ‘ஓர்ஃப்ரே மாதிரி கத்துகிறார்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் அலறும் பறவை கூகைதான்.

ஆந்தை வாய் திறக்காதபோது கண் பெயர் வைக்கும். செர்பியாவின் கிகிந்தா நகரச் சதுக்கத்து மரங்களில் குளிர்காலத்தில் நெட்டைக்காது ஆந்தைகள் நூற்றுக்கணக்கில் பகல் முழுக்க அமைதியாக உட்கார்ந்திருக்கும். செர்பியத்திலும் குரோவேஷியத்திலும் இந்த வகை ஆந்தைகளுக்கு ‘உஷாரா’ என்று பெயர்: காதுள்ளது. உண்மையில் அவை காதுகள் அல்ல, வெறும் இறகுக் குஞ்சங்கள். ருமேனியத்தில் அதே ஆந்தை ‘சியூஃப்’. தலைமயிர்க் குடுமிக்கும் அதே சொல். பிரெஞ்சு இன்னும் ஒருபடி மேலே போய், குஞ்சம் உள்ளதை ‘இபூ’ என்றும் இல்லாததை ‘ஷுவெத்’ என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டது. உயிரியலில் இந்தப் பிரிவுக்கு இடமில்லை. பனிவெளியின் வெள்ளை ஆந்தைக்குக் குஞ்சம் கண்ணில் படாது, ஆனால் அது கொம்பன் ஆந்தையின் பேரினத்தைச் சேர்ந்தது. ஆனாலும் பிரெஞ்சுப் பள்ளிப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் இபூ மனப்பாடம். பன்மையில் விதிவிலக்காக வேறு எழுத்து பெறும் ஏழு சொற்களில் அதுவும் ஒன்று.

இத்தாலியின் சிற்றாந்தை ‘சிவெத்தா’வுக்கு வேறொரு கதை. பகலில் ஆந்தையைக் கண்டால் சிறு பறவைகள் கூட்டமாகச் சூழ்ந்து கத்தும். அதைப் பயன்படுத்தி, அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் சிவெத்தாவை ஒரு குச்சியில் கட்டி வைப்பார்கள். அது தலையை ஆட்டிக் குனிந்து நிமிரும். குருவிகள் வந்து பசையில் சிக்கும். அதிலிருந்து மயக்கி இழுக்கும் பெண்ணுக்குச் ‘சிவெத்தா’ என்று பெயர் வந்தது. இன்று அடையாளம் இல்லாத போலீஸ் காரும் ‘சிவெத்தா கார்’. கட்டிப்போட்டவனை விட்டுவிட்டு, கட்டுண்ட பறவையின் மேல் பழியைப் போட்ட சொல் இது.

1758இல் லின்னேயஸ் ஆந்தைகள் அனைத்தையும் ஸ்ட்ரிக்ஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். பிறகு வந்தவர்கள் பிரித்தபோது, அந்தக் கிறீச்சுப் பெயர் ‘ஹூ’ என்று கூவும் பழுப்பாந்தையிடம் தங்கிவிட்டது; கிறீச்சிடும் கூகைக்கு ‘டைட்டோ’ என்ற வேறொரு கிரேக்க ஆந்தைப்பெயர் கிடைத்தது. கூகைக்கும் ஏதென்ஸின் சிற்றாந்தைக்கும் அறிவியல் இனப்பெயர் சூட்டியவர் ஒருவரே: ஜொவானி அந்தோனியோ ஸ்கோப்போலி. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள இத்ரியா பாதரசச் சுரங்கத்தில் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். 1769இல் அவர் சிற்றாந்தைக்கு இட்டது ‘நாக்டுவா’, இரவுப்பறவை. 1822இல் ஃப்ரீட்ரிக் போய் அதன் முன்னால் ‘அதீனி’யைச் சேர்த்தார். தேவியின் பெயர் அப்படித்தான் மறுபடி அந்தப் பறவையோடு ஒட்டியது. ஸ்கோப்போலி வாழ்ந்த அதே மலைப்பகுதியில் ஸ்லோவேனியர்கள் அந்தப் பறவையை அழைக்கும் பெயரோ, அது கத்துகிற மாதிரியே, ‘சூக்’.